செக்குக்கு முன்பு ஓர் ஆலை

கோவைக்காரர்களுக்கு வ.உ.சி. என்றதும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும்: அவர் பெயர் தாங்கிய பூங்கா, அவர் செக்கிழுத்த மத்திய சிறை. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அச்சிறையில் அவர் வதைபட்டார். எதற்காகச் சிறை சென்றார் என்று கேட்டால், கப்பல் ஓட்டியதற்காக என்பார்கள். அவ்விடையில் பாதி விடுபட்டுவிடுகிறது.

1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞரான சிதம்பரனார், 1906-இல் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனி என்பது மூலதனம் இட்டவர்களின் சங்கமே என்று பொருளியல் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அச்சங்கத்துக்கு அன்றே சட்டத்தில் இடம் இருந்தது.

உழைப்பவர்களின் சங்கத்துக்கு அவ்விடம் இல்லை. முன்பணம் பெற்று வேலையைக் கைவிட்ட தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்துக்கோ 1911 வரை வரம்பே இல்லை. இந்நிலையில்தான் 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். பத்து நாள்களுக்குள் ஐரோப்பிய நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது.

மார்ச் 12 அன்று சிதம்பரனார் கைதானார். வேலைநிறுத்தம் செய்வித்தார் என்று குற்றம் சாட்டவில்லை, ராஜதுரோகம் என்றார்கள். நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை, இரு குற்றங்களுக்குமாக 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 இறுதியில் விடுதலையானார். அதற்குள் கம்பெனி அழிந்திருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வறுமையிலும் சென்னையில் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். சில காலம் கோவையிலும் வாழ்ந்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார்.

அவர் கம்பெனியைப் பதிவுசெய்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க நடவடிக்கையைக் குற்றச்சதி என்று வழக்குத் தொடுப்பதிலிருந்து அது பாதுகாப்பு அளித்தது.

இன்று அச்சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. எந்தத் தொழிற்கூடமானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. ஏற்றுமதிக் கெடுவோடு போராடும் திருப்பூர் முதலாளிக்கு முன்னறிவிப்பு அவசியமே; அதை மறுக்கமாட்டேன். ஆனால் முன்னறிவிப்பு தந்தால் சமரச அதிகாரி பேச்சைத் தொடங்கவேண்டும். பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப்பேர் ஒரே நாளில் திட்டமிட்டு விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நாள்தான் தள்ளிக்கொண்டே போகிறது.

கோரல் மில் தொழிலாளர்கள் இன்று இருந்திருந்தால், அந்தப் பத்து நாள்களும் சட்டவிரோதம் ஆகியிருக்கும். கப்பலையும் செக்கையும் போற்றும் நாம், அவர் தோள்கொடுத்த அந்த ஆலையையும் நினைவில் கொள்ளவேண்டும். மூலதனம் ஒன்றுசேரத் தாராளமாக வழிவிடும் சட்டம், உழைப்பு ஒன்றுசேரவும் அதே அளவு வழிவிடவேண்டும்.