பட்டம் மறுக்கப்பட்டவர் படைத்த மருந்துகள்

புது தில்லி: கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரை, யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் தலைமையில் நடைபெற்ற ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். முழுமையான மருத்துவப் பட்டத்தை அக்கல்லூரி அவருக்கு வழங்கவில்லை. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1995-ல் அவரது நூற்றாண்டையொட்டி மத்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அதற்கு மேல் நாடு அவரைப் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895 ஜனவரி 12-ம் தேதி பிறந்தார் சுப்பாராவ். தந்தை வருவாய்த் துறையில் பணியாற்றியவர். வறுமையும் நோயும் சூழ்ந்த குடும்பம். யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில், பதின்மூன்றாம் வயதில் வீட்டைவிட்டுக் காசிக்குப் புறப்பட்டார். தாயார் வெங்கம்மா அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில், சென்னை ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு பூண விரும்பினார், தாயார் சம்மதிக்கவில்லை. துறவுக்குப் பதிலாக மருத்துவப் படிப்பு வாய்த்தது.

கதராடைக்குக் கிடைத்த தண்டனை: அந்நியத் துணியைப் புறக்கணிக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் மேலங்கி அணிந்து வந்தார் சுப்பாராவ். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் சுப்பாராவ் நன்றாகவே தேறியிருந்தார். ஆயினும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ஓர் இளைஞரின் தகுதியை அவர் அணிந்த துணியைக் கொண்டு அளந்த நிர்வாகம் அது.

அரசு கதவடைத்தபோது, சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரி அவரை உடற்கூறியல் விரிவுரையாளராக ஏற்றுக்கொண்டது. (இவருடைய மனைவிதான் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவரும் பின்னாளில் சென்னை மாகாண அமைச்சராக இருந்தவருமான ருக்மிணி லட்சுமிபதி. எழும்பூரில் அவர் பெயரில் சாலை உள்ளது.) சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ எனப்படும் குடல் நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்திருந்தனர். அந்நோய்க்கு அன்று நவீன மருத்துவத்தில் மருந்து இல்லை. மருந்து ஆராய்ச்சியின் பக்கம் அவர் மனம் திரும்பியதற்கு இந்த இழப்புகளும் காரணமாயின.

ஆனால், எங்கே படிப்பது? மருந்தியலில் பட்டப் படிப்பு வழங்கிய பல்கலைக்கழகம் ஒன்றுகூட அன்று இந்தியாவில் இல்லை. மதன் மோகன் மாளவியாவின் ஆதரவுடன் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கல்வியைத் தொடங்கியது 1932-ல்தான். அங்கு பி.பார்ம். 1937-லும், எம்.பார்ம். 1940-லும் வந்தன. வாழைப்பழம் விற்கச் சிறுவன் சுப்பாராவ் ஓட நினைத்த அதே காசியில், அவருக்கு வேண்டியிருந்த படிப்பு அவர் நாட்டைவிட்டுச் சென்ற பிறகே முளைத்தது என்பது விசித்திரம்.

1922 அக்டோபரில் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். மாமனாரின் உதவியும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றின் நிதியும் பயணத்துக்குக் கைகொடுத்தன. கருவுற்றிருந்த மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்றார். பிறந்த ஆண் குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தது. மனைவியை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. அவரது வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். சேஷகிரி செலுத்திய விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயம் பெற்றார். செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவு நேரக் கடைநிலைப் பணியும் செய்தார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸின் அளவைக் கண்டறியும் முறையை 1925-ல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் அது உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவியது. 1927-ல் தசைகளில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் இருப்பதை இருவரும் கண்டறிந்தனர். தசை இயக்கத்துக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது குறித்து 1922-ல் நோபல் பரிசு பெற்ற ஆய்வின் முடிவுகளையே மறுபரிசீலனை செய்ய வைத்தது இக்கண்டுபிடிப்பு. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏடிபி-யை 1929-ல் இவர்களும், தனியாக ஜெர்மனியில் கார்ல் லோமனும் கண்டறிந்தனர். 1930-ல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. சென்னை தர மறுத்த அங்கீகாரத்தை ஹார்வர்டு தந்தது.

அதுவும் பாதி அங்கீகாரம்தான். முனைவர் பட்டம் தந்த பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-ல் தீர்ப்பளித்திருந்தது. 1946-ல்தான் சட்டம் மாறியது. அதன் பிறகும் அவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை.

ஆய்வுக்கூடத்தின் தலைவர்: 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் நகரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் முழுநேரப் பணியில் சேர்ந்த சுப்பாராவ், விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்து அறிவித்தது. சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தானது. அடுத்து, ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் உருவானது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான இந்த முடிவு, புற்றுநோய்க்கு மருந்தால் சிகிச்சை அளிக்கும் முறைக்கு வாயில் திறந்தது. மெத்தோட்ரெக்சேட் இதே வரிசையைச் சேர்ந்தது.

அதே ஆண்டு ஜூலையில், லெடர்லியில் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க் கொல்லிகளில் முதலாவது அதுதான். அடுத்த மாதமே, 53-ம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. இந்தியாவில் மருந்தியல் கல்வியை ஒழுங்குபடுத்தும் மருந்தியல் சட்டம் தில்லியில் நிறைவேறியதும் அதே 1948-ல்தான்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் யானைக்கால் நோய்த்தொற்றுக்கு ஆளான அமெரிக்க வீரர்களை முன்னிட்டு லெடர்லியில் தொடங்கிய ஆய்வின் பயனாக 1947-ல் வந்தது டிஇசி என்ற டைஎத்தில்கார்பமசின். இந்தியாவில் 1955-ல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது அதற்கு ஆயுதமானது இம்மருந்து. 2004 முதல், பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவருக்கும் இம்மாத்திரையை அளிக்கும் திட்டம் நாடு தழுவிய அளவில் நடைமுறைக்கு வந்தது. அந்த மாவட்டங்களின் பட்டியலில் பீமாவரத்தை உள்ளடக்கிய மேற்கு கோதாவரியும் இருந்தது.