கோழிக் கொட்டகையில் பிறந்த படங்கள்

பள்ளி மைதானத்தில் குரூப் போட்டோ எடுத்துக் கொண்டிருப்பீர்கள். வெயிலில் கண் கூசும். அசையக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லும்போதுதான் மூக்கு அரிக்கும். நொடியில் முடிகிற வேலைக்கே இந்தப் பாடு! மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று பொம்மை போல உட்காரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? பெரிய பெரிய மேதைகளையே அப்படி உட்கார வைத்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று சிரிக்கிறீர்களா? அது தற்செயல்தான். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தார். அங்கேயே திருமணமும் நடந்தது. 1848-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். பிறகு வைட் என்ற சிறு தீவில் குடியேறினார்.

1863-ம் ஆண்டின் கடைசி. கணவர் இலங்கைக்குப் போயிருந்தார். அம்மா தனியாக இருக்கிறாரே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48! படம் எடுக்க எதுவுமே தெரியாது.

அந்தக் காலத்தில் பிலிம் சுருள் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். விளக்கும் இல்லை, சூரியன்தான் விளக்கு. அம்மையார் கரி போடும் அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி பதித்த கோழிக் கொட்டகை ஸ்டூடியோ ஆனது. கோழிகளைத் திறந்து விட்டுவிட்டார். மருந்து பட்டு அவர் கை கறுத்தது, உடையெல்லாம் கறை. முதல் படத்தைக் கை பட்டு அவரே அழித்து விட்டார்.

1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் நன்றாக வந்தது. உடனே அவளுக்குக் கொடுக்க வீடு முழுவதும் பரிசுப் பொருள் தேடி ஓடினாராம்!

அதன்பின் யாரையும் அவர் விடவில்லை. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் வீட்டுக்கே போய், அவரது நரைமுடியை அலசிக் கலைத்துவிடச் செய்து படம் எடுத்தார். 1868-ல் சார்லஸ் டார்வினை எடுத்த படம் டார்வினுக்கே மிகவும் பிடித்துப் போனது.

ஆனால் போட்டோ நிபுணர்கள் கேலி செய்தார்கள். படம் மங்கல், தகட்டில் கீறல், கைரேகை என்று குறை சொன்னார்கள். கீறலும் கைரேகையும் அவருடைய கவனக்குறைவுதான், அதை மறைப்பானேன்? மங்கல் மட்டும் அப்படி அல்ல. லென்சைத் திருப்பும்போது முகம் எந்த இடத்தில் அழகாகத் தெரிகிறதோ, அங்கேயே நிறுத்தி விடுவார். அதை அவர் கடைசி வரை மாற்றிக் கொள்ளவில்லை.

1875-ல் கணவரோடு இலங்கைக்குப் போனார். அங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இப்போது கோழிக் கொட்டகை இல்லை, மரத்தடியே ஸ்டூடியோ. 1877-ல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நார்த் என்ன பாடு பட்டார் தெரியுமா? நல்ல வெயிலில் கம்பளிச் சால்வையைப் போர்த்தி, தென்னை ஓலை தலையில் குத்த நிற்க வைத்து, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம் அம்மையார்!

வேலைக்காரர்களையும் கிராம மக்களையும்கூட அவர் எடுத்தார். அந்நாளில் கோப்பித் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்கள்.

1879-ல் இலங்கையிலேயே அம்மையார் காலமானார். அங்கு எடுத்தவற்றில் நமக்குக் கிடைத்தவை 30-க்கும் குறைவு. டார்வின் படத்தில் டார்வின் பெயர் இருக்கிறது. இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. ஒரு பெண், சில கிராமத்தார் என்றுதான் குறித்திருக்கிறார்கள். இவர்களும் வெயிலில் அசையாமல்தான் நின்றார்கள்.