கேமரா வாங்கப் போறீங்களா? இந்த கிளார்க்கைத் தெரிஞ்சுக்கோங்க



பிளேஸ்மென்ட் சீசன் முடிஞ்சாச்சு. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் ஃபைனல் இயர் மக்கள் பாதிப் பேர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: எந்த கேமரா வாங்கலாம்? டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா, இல்ல ஃபோனே போதுமா? சில பேர் முதல் சம்பளத்துக்குக் காத்திருக்காங்க. சில பேர் இ.எம்.ஐ. கணக்கே போட்டு வச்சிட்டாங்க. அம்மா நகை அடகுக் கடையில இருக்கும்போது 60 ஆயிரத்துக்கு கேமராவான்னு தயங்குறவங்களும் நம்ம வகுப்புலயே இருக்காங்க. ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு நான் கட்டுரையை முடிச்சிடலாம். ஆறு மாசத்துல அது பழைய மாடல் ஆயிடும். அதனால மாடலுக்குப் பதிலா ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன். செத்து 90 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரும் சம்பளக் காசைப் போட்டு கேமரா வாங்கினவர்தான்.

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1854 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ராச்செஸ்டர் நகரத்தில் ஒரு வணிகக் கல்லூரி நடத்தினார். குடும்பமும் அங்கே குடிபோனது. 1862இல் அப்பா இறந்துவிட்டார். ஜார்ஜுக்கு அப்போது 7 வயது. அம்மா மரியா வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு, தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். நம்ம ஊர்ல மெஸ் நடத்தி பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அம்மாக்களை உங்களுக்குத் தெரியும்தானே, அதே மாதிரி.

14 வயதில் பையன் பள்ளிக்கூடத்தை விட்டான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எடுபிடி வேலை, வாரம் 3 டாலர். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப்பதிவு படித்தான். 1874இல் ராச்செஸ்டர் சேவிங்ஸ் பேங்கில் ஜூனியர் கிளார்க் ஆனபோது சம்பளம் வாரம் 15 டாலருக்குக் கொஞ்சம் மேல். சின்ன வயசிலிருந்தே ஒவ்வொரு சென்ட்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிற ஆள் அவர். நம்ம கதைக்கு இந்தப் பழக்கம் முக்கியம்.

1877இல் சான்டோ டொமிங்கோவுக்கு ஒரு பயணம் போக நினைத்தார். போற இடத்தைப் படம் எடுத்துட்டு வாயேன்னு கூட வேலை செய்தவர் ஒருத்தர் சொன்னார். ஈஸ்ட்மன் ஏறக்குறைய 50 டாலருக்கு ஒரு கேமராவும் சாமான்களும் வாங்கினார். பேங்கில் சேர்ந்தபோது வாங்கின சம்பளத்தை வைத்துப் பார்த்தால் மூணு வாரச் சம்பளத்துக்கும் மேல. எப்படி எடுக்கிறதுன்னு கத்துக்க இன்னொரு 5 டாலர் ஃபீஸ்.

என்னென்ன சாமான்னு கேளுங்க. ஒரு பெரிய கேமரா, அதைத் தாங்க ஒரு கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயன பாட்டில்கள், ஒரு தொட்டி, தண்ணீர் ஜாடி, அப்புறம் ஒரு கூடாரம். கூடாரம் தூங்க இல்லீங்க, இருட்டறைக்கு. அப்போ இருந்தது ஈரத்தகடு முறை. கண்ணாடி மேல கொலோடியன் ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, அது காயறதுக்குள்ள படம் எடுத்து, காயறதுக்குள்ளயே கழுவியும் ஆகணும். மலை உச்சியில் ஒரே ஒரு படம் எடுக்கணும்னாலும் ஒரு கெமிஸ்ட்ரி லேபை மேலே தூக்கிட்டுப் போகணும்.

அந்தப் பயணத்துக்கு அவர் போகவே இல்லை. வாங்கின கேமரா மட்டும் கையில் நின்றது.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. அவர் வாங்கினது மட்டமான கேமரா இல்லை. தெளிவான படம் தரக்கூடிய, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நம்பின சாதனம்தான். ஊர் சுத்திப் பார்க்கப் போற ஒரு கிளார்க்குக்கு அது பொருந்தலை, அவ்வளவுதான். இன்னைக்கு ஹாஸ்டல் அலமாரியில தூங்குற பல டி.எஸ்.எல்.ஆர்.களுக்கும் இதே நிலைமைதான். ஒன்றரைக் கிலோ பையைத் தூக்கிட்டு மெரினாவுக்குப் போக யாருக்கு மனசு வருது? கேமரா கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஃபோன் கேலரியைத் திறந்து போன ஆறு மாசப் படங்களைப் பாருங்க. அதுல 90 சதவீதம் பகல் வெளிச்சத்துல எடுத்த நண்பர்கள் படம்னா, உங்களுக்கு இப்போதைக்கு கேமரா தேவைப்படலை. கல்ச்சுரல்ஸ்ல ஆடிட்டோரியம் இருட்டுல மேடையை எடுத்து எடுத்துப் புள்ளி புள்ளியா வந்த படங்கள் நிறைய இருந்தா, உங்க தேவை உண்மையான தேவை.

ஈஸ்ட்மன் அந்த கேமராவை விற்கவில்லை. அதைச் சுத்தி இருந்த சாமான்களைக் குறைக்கப் பார்த்தார். ஜெலட்டின் பூசின உலர்தகடுகளைப் பத்தி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் படித்தார். தகட்டை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், படம் எடுத்த பிறகு ஆற அமரக் கழுவலாம். கூடாரம் வேண்டாம். பகலில் பேங்க் வேலை, ராத்திரியில் அம்மாவின் சமையலறையில் எமல்ஷன் காய்ச்சும் வேலை. சில ராத்திரி டிரஸ்கூட மாற்றாமல் அடுப்புப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். கையால் பூசினால் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்பதால் பூசுவதற்கு ஒரு மெஷினையே வடிவமைத்தார். சேமிப்பை எடுத்துக்கொண்டு 1879இல் லண்டன் போய் அதற்குப் பேடன்ட் வாங்கினார். 1881 ஜனவரியில், அம்மா வீட்டில் தங்கியிருந்த சாட்டை வியாபாரி ஹென்றி ஸ்ட்ராங் பணம் போட, ஈஸ்ட்மன் டிரை பிளேட் கம்பெனி ஆரம்பமானது. அந்த வருஷம்தான் பேங்க் வேலையை விட்டார். அதுவரைக்கும் சம்பளத்தை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஸ்டார்ட்அப் ஆரம்பிக்க நாளைக்கே படிப்பை விடப் போறேன்னு சொல்ற ஜூனியர்ஸ் கவனிக்க.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். திடீரென்று தகடுகள் கெட்டுப்போக ஆரம்பித்தன. வெளிச்சம் பட்டாலும் படம் விழவில்லை. ஃபார்முலா அதே, மெஷின் அதே, ஆள் அதே. நூற்றுக்கணக்கான முறை காய்ச்சிப் பார்த்தும் பிடிபடவில்லை. விற்ற தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஈஸ்ட்மனும் ஸ்ட்ராங்கும் மறுபடி இங்கிலாந்து போனார்கள். கடைசியில் பிரச்சினை வாங்குகிற ஜெலட்டினில் இருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து எந்த மூலப்பொருளையும் சோதிக்காமல் உள்ளே விடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். ஜெலட்டினில் அப்படி என்னதான் இருக்கு என்பதை 1920களில்தான் அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கூடம் கண்டுபிடித்தது. ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. மாடு கடுகுச் செடி மாதிரி கந்தகம் உள்ள தீவனம் தின்றிருந்தால் அந்த ஜெலட்டினில் போடுகிற எமல்ஷன் வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கிறது. குவாலிட்டி கன்ட்ரோல் வகுப்புல இதைச் சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன்.

கண்ணாடியையும் ஒழிக்கணும் என்பது அடுத்த குறி. சுருளாகச் சுற்றுகிற ஃபிலிமை முதலில் காகிதத்தில் செய்தார். 1888இல் கோடாக் கேமரா வந்தது. அந்தப் பேருக்கு எந்த அர்த்தமும் கிடையாது. சின்னதா, யாராலும் தப்பாகச் சொல்ல முடியாததா ஒரு சொல் வேண்டும் என்று உருவாக்கினது. விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான ஃபிலிம் போட்டே விற்றார்கள். ஃபோகஸ் பண்ண வேண்டாம், வியூஃபைண்டர்கூட இல்லை. கயிறை இழு, பட்டனை அமுக்கு, சாவியைத் திருப்பு, அடுத்த படம் தயார். 100 முடிந்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவி, பிரின்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

கணக்கு நோட்டு எழுதின பையனை இங்கே பார்க்கலாம். கேமரா விலை ஒரு தடவைதான், படத்துக்கு 10 சென்ட் என்பது தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் வருமானம். அவர் நிஜமாக விற்றது ஃபிலிம். வாங்குகிற நீங்கள் இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போடணும். இன்னைக்கு ஃபிலிம் இல்லை, ஆனா லென்ஸ் இருக்கு. ஒரு கம்பெனியின் பாடியை வாங்கினீங்கன்னா அந்த மவுன்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்க. அடுத்தடுத்த லென்ஸ் எல்லாம் அதுக்குப் பொருந்தணும். அதனால பட்ஜெட் மொத்தத்தையும் பாடியில கொட்டாதீங்க. கூட வர்ற 18-55 கிட் லென்ஸ் 55 பக்கம் போனா எஃப் 5.6தான் திறக்கும். தனியா ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதை விட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆடிட்டோரியம் பிரச்சினைக்கு பழைய பாடியும் இந்த லென்ஸும் போதும், புது பாடியும் கிட் லென்ஸும் போதாது. மெகாபிக்சலுக்காகவும் கூடுதல் பணம் கொடுக்காதீங்க. ஏ4 தாளில் 300 டி.பி.ஐ.ல அச்சடிக்கவே 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். நம்ம துறையின் சுவர்ப் பத்திரிகை அதை விடப் பெருசு இல்லை.

1889இல் ஒளி ஊடுருவும் ஃபிலிம் வந்தது. அவருடைய கெமிஸ்ட் ஹென்றி ரைக்கன்பாக் உருவாக்கினது. எடிசனின் ஆட்கள் இந்த ஃபிலிமை வாங்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து சினிமாவுக்குப் பயன்படுத்தினார்கள். அதுதான் 35 மி.மீ. ஃபிலிம். அதே சுருளில் 36க்கு 24 மி.மீ. கட்டம் போட்டு ஸ்டில் கேமராக்கள் வந்தன. கடையில ஃபுல் ஃப்ரேம்னு சொல்லி லட்சத்துக்கு மேல விலை சொல்றாங்களே, அந்த ஃப்ரேமின் அளவு இப்படித்தான் வந்தது.

ஆனா இந்த ஃபிலிம் விஷயத்துல ஈஸ்ட்மன் மேல எனக்கு ஒரு கோபம் உண்டு. ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887லேயே இப்படி ஒரு ஃபிலிமுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அவருக்குப் பேடன்ட் கிடைக்க 1898 ஆகிவிட்டது. 1900இல் அவர் இறந்துபோனார். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1914இல் கோடாக் 50 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. பணம் குட்வினுடைய உரிமையை வாங்கியிருந்த கம்பெனிக்குப் போனது. போட்டிக் கம்பெனிகளை விலைக்கு வாங்குவது, டீலர்களைக் கட்டிப்போடுவது என்று கோடாக் நடந்துகொண்டதை 1915இல் அமெரிக்க நீதிமன்றமே ஏகபோகம் என்று சொன்னது.

விலைக்கு வருவோம். 1888இல் 25 டாலர். 1895இல் பாக்கெட் கோடாக் 5 டாலர். 1900இல் பிரௌனி, வெறும் 1 டாலர்! அட்டைப் பெட்டியில் ஒரு சாதாரண லென்ஸ், ஆறு படம் எடுக்கிற ஃபிலிம் 15 சென்ட். முதல் வருஷத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் 12 வருஷம் முன்னாடி வந்த கோடாக்கை விட பிரௌனி பெரிசா ஒண்ணும் சாதிச்சிடலை. வாங்குறது சின்னப் பசங்க, வெயில்ல நின்னு வீட்டு ஆட்களை எடுப்பாங்க, அதுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவுதான் உள்ளே இருந்தது. அதனாலதான் அது எனக்கு அவருடைய சிறந்த டிசைனாகத் தெரிகிறது.

ஈஸ்ட்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா 1907இல் இறந்தார். சம்பாதித்ததை வாழும்போதே கொடுத்தார். 1919இல் தன் பங்குகளில் மூன்றில் ஒன்றை ஊழியர்களுக்குக் கொடுத்தார். எம்.ஐ.டி.க்கு (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசச்சூசெட்ஸ்) மிஸ்டர் ஸ்மித் என்ற பொய்ப் பெயரில் கோடிக்கணக்கில் அனுப்பினார். அந்த ஸ்மித் யாரென்று 1920 வரைக்கும் வெளியே தெரியாது. ராச்செஸ்டரிலும் லண்டனிலும் ரோமிலும் ஏழைக் குழந்தைகளுக்குப் பல் மருத்துவமனைகள் கட்டினார். 1930இல், கம்பெனியின் பொன்விழாவுக்கு, அந்த வருஷம் 12 வயது ஆகும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 5 லட்சம் கேமராக்களை ஃபிலிமோடு இலவசமாகக் கொடுத்தார்கள். தண்டுவட நோயால் நடக்கவே சிரமப்பட்டவர் 1932 மார்ச் 14 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 77.

நீங்க வாங்கப் போற கேமராவும் அவர் வீட்டிலிருந்து வந்ததுதான். 1975இல் கோடாக் இன்ஜினியர் ஸ்டீவன் சாஸன் உலகத்தின் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ, 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி ஆகும். பார்க்க ஒரு டி.வி. வேண்டும். பட்டனை அமுக்கின பிறகு வருகிற வேலையில்தான், அதாவது ஃபிலிமில்தான், கோடாக்கின் வருமானம் முழுக்க இருந்தது. அந்த வேலையே இல்லாத ஒரு கேமராவை என்ன செய்வதென்று மேலிடத்துக்குத் தெரியவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. அடுத்த வருஷமே அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. ராச்செஸ்டரில் இன்றைக்கும் ஃபிலிம் தயாராகிறது. ஒரு ரோலுக்கு 36 படம்.