சேதுபதி பள்ளியில் நூற்றிரண்டு நாள்கள்

தாயில்பட்டிக் கரிசலிலிருந்து தென்கிழக்கே சென்று கோவில்பட்டியைக் கடந்தால் எட்டயபுரம் வரும். மண்ணின் நிறம் மாறுவதில்லை. பருத்தியும் கம்பும் மாறுவதில்லை. வானத்தை நம்பி வாழும் வாழ்க்கையும் மாறுவதில்லை. அந்த மண்ணில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த சுப்பிரமணிய பாரதியைத் தேசியக் கவிஞராகவும் புதுவையில் ஒதுங்கி வாழ்ந்த போராளியாகவும் தமிழுலகம் நன்கறியும். ஆனால் இருபத்தொரு வயதில், கையில் ஒரு தற்காலிக வேலையோடு, இருப்பதா போவதா என்னும் முடிவை எடுக்க வேண்டியிருந்த இளைஞராக அவரைக் காண்போர் சிலரே. பாரதியின் வாழ்வில் நூற்றிரண்டு நாள்களே நீடித்த அப்பணியும், அதனை விட்டு அவர் நீங்கிய முறையும் ஆழ்ந்து நோக்கத்தக்கன.

ஆலை வீழ்ந்த வீடு

நிலையின்மை என்பது பாரதிக்கு ஏட்டில் படித்த தத்துவம் அன்று. வீட்டுக்குள் வந்து அமர்ந்த உண்மை. தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் மதிப்புடன் விளங்கியவர். கணிதத்திலும் எந்திர நுட்பத்திலும் ஈடுபாடு மிக்கவர். கரிசலின் பருத்தியை நம்பி அவர் தொடங்கிய ஆலை நிலைக்கவில்லை. முதலும் போயிற்று, மதிப்பும் குன்றிற்று. மனமுடைந்த அவர் 1898ஆம் ஆண்டு காலமானார். தாய் இலக்குமி அம்மாள் பாரதியின் ஐந்தாம் வயதிலேயே மறைந்துவிட்டார். 1897ஆம் ஆண்டு கடையத்துச் செல்லம்மாளை மணந்திருந்த பாரதி, பதினைந்து வயதில் தந்தையற்றவராகவும் பொருளற்றவராகவும் நின்றார். பதினொன்றாம் வயதில் புலவர் அவையில் பெற்ற பாரதி என்னும் பட்டம் மட்டுமே அவர் கையில் எஞ்சிய சொத்து எனலாம்.

அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் காசியில் அவருக்கு இடம் தந்தனர். 1898 முதல் 1902 வரை அங்கே வடமொழியும் இந்தியும் பயின்று, அலகாபாத் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்விலும் தேறினார். பின்னர் எட்டயபுரம் ஜமீன்தாரின் விருப்பப்படி ஊர் திரும்பி, சமஸ்தானத்திலேயே பணியில் அமர்ந்தார்.

ஒருவர் மட்டுமே கேட்ட சொல்

அரண்மனைப் பணி எளிதானது. நூல்களையும் இதழ்களையும் ஜமீன்தாருக்குப் படித்துக் காட்டுவதும், அவரோடு உரையாடுவதும், அவைப் புலவருள் ஒருவராக விளங்குவதுமே அதன் இயல்பு. ஊதியத்துக்குத் தட்டுப்பாடில்லை, உறவும் ஊரும் அருகிலேயே இருந்தன. இன்றைய வழக்கில் கூறின் அது நிலையான வேலை. ஆயினும் அந்நிலைமைக்கு அடிப்படையாக விதியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒரு மனிதரின் உவப்பு மட்டுமே இருந்தது. அவர் முகம் மலர்ந்திருக்கும் வரை சோறு உண்டு. அவர் மனம் கோணும் சொல்லைச் சொல்லலாகாது. ஷெல்லி என்னும் ஆங்கிலக் கவிஞரில் தோய்ந்து, ஷெல்லிதாசன் என்று தமக்கே பெயரிட்டுக்கொண்ட இளைஞருக்கு அந்த எல்லை எவ்வளவு நெருக்கியிருக்கும் என்பதை உணர்தல் அரிதன்று. 1904ஆம் ஆண்டு அவர் அரண்மனையை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேதான் மூத்த மகள் தங்கம்மாளும் பிறந்தார். பொறுப்புக் கூடிய ஆண்டில் உறுதியான சோற்றை விட்டு வெளியேறினார் என்பது கருதத்தக்கது.

மதுரை அன்று தமிழ்ப் புலமையின் தலைநகராகத் திகழ்ந்தது. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை அங்கே நிறுவியிருந்தார். அந்நகரிலிருந்து வெளிவந்த விவேகபாநு இதழில் 1904 ஜூலையில் தனிமை இரக்கம் என்னும் பாடல் அச்சேறியது. பாரதியின் படைப்புகளுள் முதன்முதலில் அச்சில் வந்தது இதுவே. புலவர்க்கு மட்டுமே எளிதில் பொருள் விளங்கும் கடுந்தமிழ் நடையில் அமைந்தது அது. அதனை எழுதிய கை, பின்னாளில் பாமரரும் பாடும் தமிழைத் தந்த கைதான் என்று அன்று எவரும் ஊகித்திருக்க இயலாது.

பிறர் இருக்கையில் அமர்ந்தவர்

சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அப்போது தமிழாசிரியராக விளங்கியவர் சோழவந்தானூர் அரசன் சண்முகனார்; தொல்காப்பியப் பாயிரத்துக்குச் சண்முக விருத்தி கண்ட பெரும்புலவர். அவர் விடுப்பில் சென்றதால் ஏற்பட்ட இடத்தில் 1904 ஆகஸ்டு 1ஆம் நாள் பாரதி தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மாத ஊதியம் பதினேழரை ரூபாய் என வாழ்க்கை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

இதன் இயல்பைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அந்த இருக்கை பாரதிக்கு உரியது அன்று. உரியவர் திரும்பி வரும் நாளில் எழுந்துவிட வேண்டியதே. எத்துணைத் திறம்படக் கற்பித்தாலும், மாணவர் எத்துணை விரும்பினாலும் அவ்விதி மாறாது. மேலும், அக்காலப் பள்ளிகளில் தமிழ்ப் பண்டிதரின் நிலை ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தோரின் நிலைக்குக் கீழாகவே இருந்தது. ஊதியத்திலும் அவ்வேறுபாடு தெரிந்தது. மாணவர் காட்டும் மதிப்பிலும் தெரிந்தது.

எனினும் அப்பணி தாழ்ந்ததென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அரண்மனையிலிருந்து வெளியே வர ஒரு வாயில் வேண்டியிருந்தது. அந்த வாயிலாக அமைந்தது இதுவே. ஒருவர் உவப்பைப் பார்த்து வாழ்ந்தவர், முதன்முறையாக ஒரு பொது நிறுவனத்தின் ஊதியத்தில் தம் குடும்பத்தை நினைக்க முடிந்தது. ஒரு ஜமீன்தாருக்குப் படித்துக் காட்டியவர், ஒரு வகுப்பு நிறைந்த மாணவர்க்குத் தமிழைச் சொல்ல நேர்ந்தது. கேட்போர் தொகை அரண்மனையைவிடப் பெருகிற்று. தற்காலிகப் பணி என்பது வீடு அன்று. ஆயினும் மழைக்கு ஒதுங்கிய திண்ணையை எவரும் பழிப்பதில்லை.

இருப்பதா, போவதா?

மதுரையிலேயே தங்கியிருக்கவும் காரணங்கள் இருந்தன. புலமை போற்றும் நகரம், சங்கம் அருகில், இதழ்களும் அருகில். தற்காலிகப் பணி முடிந்தாலும் வேறொரு பள்ளியில் பண்டிதர் இடம் கிட்டியிருக்கலாம். பொறுமையோடு காத்திருந்தால் உரை எழுதுபவராக, பாடம் சொல்பவராக, மதிப்புக்குரிய தமிழாசிரியராக அவர் வளர்ந்திருக்கக்கூடும். அது இழிந்த வாழ்வன்று. தமிழ் அத்தகையோரால்தான் காக்கப்பட்டது.

மறுபுறம் சென்னையில் சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியர் பணி வாய்த்தது. அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 1878ஆம் ஆண்டு இந்து இதழைத் தொடங்கியோருள் முதன்மையானவர்; 1898இல் அதனை விட்டு விலகியவர்; 1882இல் தாம் தொடங்கிய சுதேசமித்திரனை 1899இல் நாளிதழாக்கியவர். விதவையான தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்து ஊரார் பகையை ஏற்றவர். ஓர் இருக்கையை விட்டெழுந்து இன்னொன்றைத் தாமே அமைத்துக்கொண்ட அம்மனிதரின் அருகில்தான் இளம் பாரதிக்கு இடம் காத்திருந்தது.

ஆனால் அந்த இடமும் உறுதியானதன்று. தமிழ் நாளிதழ் என்பதே அன்று புதுமை, வாங்குவோர் சிலர், அரசின் கண் எப்போதும் அதன் மேல். 1908ஆம் ஆண்டு சுப்பிரமணிய ஐயரே அரசுத்துரோகக் குற்றச்சாட்டில் கைதுசெய்யப்பட்டார் என்பது அந்தத் தொழிலின் நிலைமையைக் காட்டப் போதுமானது. ஆகவே நிலையற்ற வேலையை விட்டு நிலையான வேலைக்குச் சென்றார் பாரதி என்று கூறுதல் பொருந்தாது. நிலையான வேலையைத் துச்சமாகத் தூக்கியெறிந்தார் என்று புகழ்தலும் பொருந்தாது. அவர் முன் இருந்த வழிகள் யாவும் நிலையற்றவையே. எது நிலைக்கும் என்னும் கேள்விக்கு அவரிடம் விடை இருந்திருக்க இயலாது. எந்த வேலை தம்மிடமுள்ள சொல்லை வளர்க்கும், யாரிடம் கொண்டு சேர்க்கும் என்னும் கேள்விக்கே விடை இருந்தது.

1904 நவம்பர் 10ஆம் நாளோடு பள்ளிப் பணி முடிந்தது. அம்மாதமே அவர் சென்னையில் சுதேசமித்திரனில் சேர்ந்தார். இவ்விரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெறுங்கையோடு வீதியில் இறங்கியவர் அல்லர் அவர். அடுத்த படியில் கால் ஊன்றிக்கொண்டே முந்தைய படியை விட்டார். கைக்குழந்தையின் தந்தைக்கு அந்தக் கவனம் குறையன்று, கடமையே.

மேசையில் கற்ற தமிழ்

சுதேசமித்திரனில் அவருக்கு வாய்த்தது கவிதை எழுதும் வேலை அன்று. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்கும் வேலை. ருஷ்ய ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1905ஆம் ஆண்டின் ருஷ்யக் கிளர்ச்சியும், அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வங்கப் பிரிவினையும் செய்தித்தாளின் பக்கங்களில் மோதின. மாலைக்குள் அச்சேற வேண்டிய செய்திக்குக் கடுந்தமிழ் உதவாது. கடைக்காரரும் பயணியும் படித்தவுடன் விளங்கிக்கொள்ளும் சொல் வேண்டும். உலகம் முழுதையும் தாங்கும் வலிமையும் அச்சொல்லுக்கு வேண்டும்.

அப்பயிற்சியின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1905 செப்டம்பரில் சுதேசமித்திரனில் வங்க வாழ்த்துக் கவிகள் வெளிவந்தன. தனிமை இரக்கத்துக்கும் இதற்கும் இடையே உள்ளவை பதினான்கு மாதங்களே. முன்னது ஒருவரின் தனித்த துயரம். பின்னது ஒரு நாட்டை நோக்கிய குரல். அதே ஆண்டு ஆகஸ்டில் பெண்களுக்கான சக்கரவர்த்தினி இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் ஏற்றார். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ஒருவர் கேட்ட சொல் ஒரு வகுப்புக்குச் சென்று, அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் கைகளுக்குச் சென்றடைந்த வரலாறு மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்தது.

முடிவின் விலை

ஆயினும் இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்தல் ஆகாது. இதழ்த் தொழில் பாரதிக்குப் புகழைத் தந்ததேயன்றிப் பொருளைத் தரவில்லை. 1906இல் இந்தியா வார இதழில் அவர் பொறுப்பேற்றார். 1908இல் கைதாகும் நிலை வரவே புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து வெளிவந்த இந்தியா 1910இல் நின்றுபோயிற்று. பத்தாண்டுக் காலப் புதுவை வாழ்வின் வறுமை யாவரும் அறிந்ததே. அவ்வறுமையின் பெரும்பகுதியை அடுப்பங்கரையில் சுமந்தவர் செல்லம்மாள். கவிஞர் எடுத்த முடிவுக்குக் குடும்பம் கட்டிய வட்டி அது. கவிஞரைப் போற்றும் அவைகள் அவ்வம்மையாரையும் நினைத்தல் நன்றியுடைமையாகும்.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதி கடலூரருகே கைதாகி, விடுதலைக்குப் பின் கடையத்தில் தங்கினார். 1919ஆம் ஆண்டு மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு வேண்டினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் விட்டு வந்த வாயிலில் மீண்டும் நின்ற அக்காட்சி நெஞ்சை உருக்குவது. அவ்வாயில் திறக்கவில்லை. 1920ஆம் ஆண்டு அவருக்கு இடமளித்தது சுதேசமித்திரனே. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1916இலேயே மறைந்துவிட்டார். ஆசிரியராக இருந்தவர் ஏ. ரங்கசாமி ஐயங்கார். ஆள் மாறியும் மேசை மாறவில்லை. 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து, முப்பத்தொன்பது வயது நிறையுமுன்னரே, திருவல்லிக்கேணியில் உயிர் நீங்கும் வரை அவர் அவ்விதழின் உதவியாசிரியராகவே இருந்தார். நிலையானதென்று தோன்றிய அரண்மனை அவரை மறந்தது. நிலையற்றதென்று தோன்றிய செய்தித்தாள் இறுதிவரை அவருக்கு ஓர் இருக்கை வைத்திருந்தது.

கரிசலுக்கு இவ்வாழ்வு சொல்வது

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தற்காலிக வேலை என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பட்டாசுக்கு வெயில் வேண்டும். மழை வந்தால் காய்ப்பு நிற்கும், கூலியும் நிற்கும். தீபாவளி கழிந்தால் ஆலைகள் அடங்கும். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பள்ளி, கல்லூரிகளில் தொகுப்பூதியத்திலும் மதிப்பூதியத்திலும் ஆண்டுகளைக் கழிப்போரும் இம்மண்ணில் உண்டு. எண்ணிக்கைக் கூலிக்குத் திரி சுற்றிய கையே இரவில் கவிதை எழுதுகிறது.

அத்தகையோர்க்குப் பாரதியின் வாழ்வு எளிய கட்டளை எதனையும் இடவில்லை. வேலையை விட்டுவிடு என்றும் அது கூறவில்லை. பற்றிக்கொள் என்றும் கூறவில்லை. வயிற்றுக்காக ஏற்ற பணி எதுவும் இழிவன்று என்பதையும், அது தம் இருக்கை அன்று என்று அறிந்தே அமர்தல் வேண்டும் என்பதையும், எழும் நாளில் அடுத்த அடியைக் கண்டு எழுதல் வேண்டும் என்பதையும் அந்த நூற்றிரண்டு நாள்கள் காட்டுகின்றன. அரசன் சண்முகனார் திரும்பி வந்து அமர்வதற்கென இருந்த இருக்கை அது. அதனைப் பிடித்துக்கொள்ள முயலாமல், தமக்குரியதைத் தேடிச் சென்றார் எட்டயபுரத்து இளைஞர். தமிழுக்கு இருவருமே கிடைத்தனர்.