ஊசியும் நூலும் கொண்டு உயர்ந்த ஷென் ஷோ



நான் எங்கள் குழுவில் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ஜாக்கெட்டுக்குப் பூ, மயில் போட்டுக் கொடுத்துத்தான் வீட்டுச் செலவைப் பார்க்கிறேன். இந்த மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னதும், சீனாவில் வாழ்ந்த ஷென் ஷோ அம்மாதான் என் நினைவுக்கு வந்தார். அவரும் நம்மைப் போல ஊசி பிடித்த கைதான்.

1874-ல் சீனாவின் சுசோ நகரத்தில் பிறந்தார். நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, அவர்களுக்கு சுசோ அப்படி. பட்டுக்கும் பட்டு எம்பிராய்டரிக்கும் பேர்போன ஊர். அப்பா பழம்பொருள் வியாபாரி என்பதால் வீட்டில் நல்ல ஓவியங்கள் இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்தே சின்ன வயசிலேயே துணியில் தைக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் ஆன பிறகு கணவர் யூ ஜுவே படம் வரைந்து கொடுக்க, இவர் அதை நூலில் கொண்டு வருவாராம்.

1904-ல் சீனப் பேரரசி சீ ஷியின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. இவர் செய்த எம்பிராய்டரி அரண்மனைக்குப் போனது. பேரரசி மகிழ்ந்துபோய், நீண்ட ஆயுள் என்று பொருள்படும் ‘ஷோ’ என்ற எழுத்தைத் தன் கையால் எழுதி அனுப்பினார். அதையே இவர் தன் பெயராக வைத்துக்கொண்டார். அதுவரைக்கும் இவர் பெயர் ஷென் யுன்ஜி.

அரசாங்கம் கணவன் மனைவி இருவரையும் ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே வெளிச்சமும் நிழலும் காட்டும் மேல்நாட்டு ஓவியங்களைப் பார்த்ததும் அவருக்குப் புது யோசனை பிறந்தது. ஒரு பட்டு நூலை முடி மாதிரி மெல்லிய இழைகளாகப் பிரித்து, வெளிச்சம் படும் இடத்துக்கு வெளிர் நிறம், நிழலுக்கு அடர் நிறம் என்று பக்கத்துப் பக்கத்தில் தைத்தார். கன்னத்தில் சதை எந்தப் பக்கம் வளைகிறதோ, தையலும் அந்தப் பக்கமே போகும். தைத்த முகம் நிஜ முகமாகவே தெரியும். சுசோவின் பழைய தையல்களை அவர் விட்டுவிடவில்லை, அதன் மேலேயே புதுசைச் சேர்த்தார்.

இத்தாலி நாட்டு ராணியின் முகத்தை அவர் தைத்த படம் 1911-ல் டூரின் நகரக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஏசுநாதர் படம் 1915-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது.

ஆனால் பரிசை விட எனக்குப் பெரிசாகத் தெரிவது அடுத்து நடந்ததுதான். பெய்ஜிங்கில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், மன்னராட்சி போனதும் வேலையை இழந்தார். தியான்ஜின் நகரத்தில் சொந்தமாகப் பள்ளி வைத்துப் பார்த்தார். 1914-ல் நான்தோங் ஊரில் பஞ்சாலை நடத்திய ஜாங் ஜியன் என்ற பெரியவர், பெண்களுக்காகத் தொடங்கிய எம்பிராய்டரிப் பள்ளிக்கு இவரைத் தலைமை ஏற்கச் சொல்லி அழைத்தார். அங்கே ஏழை வீட்டுப் பெண்களும் கைத்தொழில் கற்றுக்கொண்டார்கள்.

கொஞ்ச வருஷத்திலேயே உடம்பு படுத்துவிட்டது. இவரோடு இந்த வித்தையும் போய்விடுமே என்று ஜாங் ஜியன் கவலைப்பட்டார். நோயில் படுத்தபடியே இவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். சட்டத்தை எப்படிக் கட்டுவது, நூலை எப்படிப் பிரிப்பது, எந்தத் தையல் எங்கே பொருந்தும், பதினெட்டு வகைத் தையல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தைப்பவள் எப்போது கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தகம் 1919-ல் வெளிவந்தது. 1921-ல் அவர் கண்ணை மூடினார். நாற்பத்தேழு வயசுகூட முழுசா ஆகலை. நான்தோங்கிலேயே அடக்கம் செய்தார்கள்.

இன்றைக்கும் நான்தோங்கில் அவர் வழியில் தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. சீனாவில் இப்போது புதுப்புது ஆடை, சுவர்ப்படம் வடிவமைக்கிற கலைஞர்களும் இந்தத் தையலைத் தேடி வருகிறார்கள். எழுதி வைத்ததால்தான் அது நின்றது.

உண்மையைச் சொல்கிறேன் சகோதரிகளே. எங்கள் குழுவில் ரெண்டு பேர் ஆரி கத்துக்கொடுங்க அக்கான்னு கேட்டபோது, நான் ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டேன். சொல்லிக்கொடுத்தால் என் ஆர்டர் அவர்களுக்குப் போயிடுமோன்னு பயம். ஷென் ஷோ அம்மா கதையைப் படித்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. படுத்த படுக்கையிலும் அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லையே!

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். போன மாசம் வந்த பெரிய ஆர்டரை நான் தனியாக எடுத்திருக்கவே முடியாது, ஆறு பேரும் சேர்ந்துதான் முடித்தோம். எனக்குத் தெரிந்த தையலை ஒரு நோட்டில் எழுதவும் ஆரம்பித்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கைவேலை எதுவானாலும், ஊறுகாயோ கூடை பின்னலோ, பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.