தபால் சுமந்து பறந்த டாடா

1932-ம் ஆண்டு, அக்டோபர் 15-ந் தேதி.

கராச்சி விமான நிலையத்தில் பொழுது விடிந்தது. சின்னஞ்சிறு விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதில் பிரயாணிகள் இல்லை. தபால் மூட்டைதான் இருந்தது. எடை சுமார் 25 கிலோ.

28 வயது வாலிபர் ஒருவர் அதில் ஏறி அமர்ந்தார். விமானம் பம்பாயை நோக்கிப் பறந்தது.

அந்த வாலிபர்தான் ஜே.ஆர்.டி.டாடா!

சிறு வயது ஆசை

டாடா 1904-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த பிளெரியோவின் வீடு, டாடா குடும்பத்தின் கடற்கரை வீட்டுக்கு அருகில் இருந்தது. அவரது விமானத்தைப் பார்த்துப் பார்த்து, தானும் பறக்க வேண்டும் என்று சிறுவன் ஆசைப்பட்டான்.

1929-ல் அந்த ஆசை நிறைவேறியது. இந்தியாவில் விமானம் ஓட்ட லைசென்சு பெற்றார். அதன் எண் 1.

விட்டுக்கொடுத்த போட்டி

1930-ல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டி நடந்தது. டாடாவும் கலந்துகொண்டார். எகிப்து நாட்டில் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி என்ஜினீயர் அங்கே தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் இல்லை.

டாடா தன்னிடம் இருந்ததைக் கொடுத்து உதவினார். பரிசு ஆஸ்பிக்குப் போய்விட்டது! இந்த ஆஸ்பிதான் பின்னாளில் இந்திய விமானப் படையின் தளபதி ஆனார்.

மாட்டு வண்டியில் பெட்ரோல்

அப்போது லண்டன் கடிதங்கள் கராச்சி வரைதான் விமானத்தில் வந்தன. பிறகு ரெயிலில் போயின. அவற்றைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்தில் கொண்டு செல்ல, நெவில் வின்சென்ட் என்ற விமானி யோசனை சொன்னார். டாடா அதை ஏற்றார்.

சர்க்கார் பண உதவி செய்ய மறுத்தது. கடிதங்களின் எடைக்குத் தக்கபடி கூலி தர மட்டும் சம்மதித்தது. நஷ்டம் வந்தால் டாடா கம்பெனியின் தலையில்தான். ஆனாலும் துணிந்து இறங்கினார்கள்.

முதல் நாள் பயணத்தில் டாடா வழியில் ஆமதாபாத்தில் இறங்கினார். விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! பகலில் பம்பாய் ஜூகுவில் தரை இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பறந்தார். இரவு பல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை போய்ச் சேர்ந்தார்.

சேற்று மைதானம்

ஜூகு விமான நிலையம் கடலோரத்துச் சேற்று மைதானம். கூரை வேய்ந்த ஒரு கொட்டகைதான் ஆபீஸ். ரேடியோ வசதி கிடையாது. மழைக்காலத்தில் மைதானம் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது பூனாவுக்குப் போய்விடுவார்கள்.

இத்தனை கஷ்டத்திலும் முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்தார்கள். 155 பிரயாணிகளை ஏற்றிச் சென்றார்கள். லாபமும் கிடைத்தது.

கைவிட்டுப் போனது

அந்தக் கம்பெனி 1946-ல் ஏர் இந்தியா ஆயிற்று. 1948-ல் பம்பாயில் இருந்து லண்டனுக்கு விமானம் விட்டது.

1953-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. வளர்த்த பிள்ளையைப் பிரிந்ததுபோல் டாடா வருந்தினார். ஆனால் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. சம்பளம் வாங்காமல் தலைவராக இருந்து நடத்திக் கொடுத்தார். விமானத்தில் ஏறினால் இருக்கை சுத்தமாக இருக்கிறதா, காப்பி நன்றாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக் குறித்து வைப்பார்.

25 ஆண்டுகள் இப்படி உழைத்தார். 1978-ல் சர்க்கார் அவரை அந்தப் பதவியில் இருந்து நீக்கியது.

78 வயதில்...

1982-ம் ஆண்டு, அதே அக்டோபர் 15-ந் தேதி. கராச்சியில் இருந்து ஒரு பழைய காலத்துச் சிறு விமானம் புறப்பட்டது. ஓட்டியவர் 78 வயது டாடா. தன்னந்தனியாகப் பறந்து வந்து, அதே ஜூகுவில் பத்திரமாக இறங்கினார்!

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் வழங்கப்பட்டது. 1993-ல் ஜெனீவா நகரில் காலமானார்.

அவர் தொடங்கிய விமானக் கம்பெனி, 2022-ல் மீண்டும் டாடா குடும்ப நிறுவனத்திடமே வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.