ஓரத்து மேசை

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அம்பாசடர் ஓட்டலிலே ஆஸ்கர் விழா. உடன் நடித்த நட்சத்திரங்களெல்லாம் ஒரு மேசையில். விருது பெற வந்த ஹாட்டி மெக்டேனியலோ சுவரோரத்துத் தனி மேசையில்! கான் வித் த விண்ட் படத்திலே வேலைக்காரியாக நடித்தவர். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர். இரண்டு மாதம் முன்பு அட்லாண்டாவில் அந்தப் படம் அரங்கேறியபோதும் அவருக்கு அங்கே இடமில்லை. நடிப்பு வேண்டுமாம், நடித்தவர் வேண்டாமாம்!

அடிமைகளாயிருந்தோர் பெற்ற மகள். வீட்டு வேலை செய்தும் வயிறு கழுவியவர். திரையிலும் பெரும்பாலும் அதே வேடந்தான். ஏன் ஏற்றார் என்று இனத்தாரே கடிந்தனர். வேறு வேடம் கொடுத்தவர் எவர் என்று கேட்கிறோம் நாம்.

1952இல் மறைந்தார். ஹாலிவுட் இடுகாட்டில் உறங்க விரும்பினார். கறுப்பருக்கு அங்கே குழியும் மறுக்கப்பட்டது. நினைவுக்கல் எழுந்தது 1999இல்.